லினக்ஸ் பெண்டிரைவ் தயாரிக்கும்போது அமைவுக் கோப்புகளை எங்கே வைப்பது?



பள்ளிக் கணினிக் கூடத்தில் ஒரு நாள் காலை. இருபது பெண்டிரைவ். ஒவ்வொன்றிலும் நானே தயாரித்த டெபியன் லினக்ஸ். பழைய கணினியில் செருகி இயக்கினால் தமிழ்99 விசைப்பலகை, தமிழ் எழுத்துரு, கட்டுரை எழுத லிப்ரே ஆபிஸ் எல்லாமே தயாராக இருக்க வேண்டும். அன்று மாணவர்களுக்குக் கட்டுரைத் தட்டச்சுப் பயிற்சி. கணினிகள் எல்லாம் நன்றாகவே கிளம்பின. ஐந்து நிமிடத்தில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள்: "சார், ரைட்டர் திறக்கவே மாட்டேங்குது. என்னமோ நிறுவல் முடியலைன்னு சொல்லுது." அடுத்த மேசையிலும் அதே பேச்சு. இருபது கணினியிலும் அதே கதை. அன்றைய பயிற்சியைக் காகிதத்தில்தான் எழுத வைத்தேன்.

நிரலில் தவறில்லை, கணினியிலும் தவறில்லை. ஒரே ஒரு கோப்புறையைத் தவறான இடத்தில் வைத்துவிட்டேன். அவ்வளவுதான்! எங்கே வைத்தேன், ஏன் அது தவறு, எங்கே வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். கணினியியல் பாடம் எடுக்கும் மாணவர்களுக்கு இயங்குதளம், கோப்பு அமைப்பு, அணுகல் அனுமதி ஆகிய மூன்று தலைப்புக்கும் இது உதவும்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும் பாதைகளையும் இங்கே ஒலிப்பு மாறாமல் தமிழில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

1. பிம்பம் என்றால் என்ன?

ஒரு கணினியில் இயங்குதளத்தை நிறுவி, பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றுவது ஒரு வழி. இருபது கணினி என்றால் இருபது முறை. இன்னொரு வழி, வேண்டிய மாற்றங்களை எல்லாம் முன்கூட்டியே சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டிவிடுவது. அந்தக் கோப்பைத்தான் பிம்பம் அல்லது இமேஜ் என்கிறோம். அதை எத்தனை பெண்டிரைவில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

டெபியனில் இதற்கென்று 'லைவ் பில்ட்' என்ற கருவி இருக்கிறது. மூன்று கட்டளைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

'எல்பி கான்ஃபிக்': 'கான்ஃபிக்' என்ற கோப்புறையை உருவாக்கும். நம் மாற்றங்கள் எல்லாம் இதற்குள்தான்.

'எல்பி பில்ட்': பிம்பத்தைக் கட்டும். நிர்வாகி உரிமையோடு இயக்க வேண்டும்.

'எல்பி கிளீன்': முன்பு கட்டியதை அழித்து, மறுபடி கட்ட இடம் தரும். 'கான்ஃபிக்' கோப்புறையைத் தொடாது.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முடிந்த கட்டங்களை லைவ் பில்ட் குறித்து வைத்துக்கொள்ளும். 'கிளீன்' செய்யாமல் மறுபடி 'பில்ட்' கொடுத்தால், "இது ஏற்கெனவே முடிந்தது" என்று அந்தக் கட்டங்களைத் தாண்டிப் போய்விடும். நாம் போட்ட புதிய கோப்பு பிம்பத்தில் வராது. கோப்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்க.

2. லினக்ஸில் அமைவுகளின் மூன்று அடுக்கு

கோப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முன், லினக்ஸ் அமைவுகளை எப்படிப் படிக்கிறது என்று தெரிய வேண்டும். பள்ளியை வைத்தே சொல்கிறேன். அமைச்சு ஒரு பாடநூல் தருகிறது. பள்ளி அதன்மேல் தன் விதிகளைச் சேர்க்கிறது. மாணவர் தன் குறிப்பேட்டில் தனக்கு ஏற்றபடி எழுதிக்கொள்கிறார். லினக்ஸிலும் அப்படித்தான்.

முதல் அடுக்கு '/யூஎஸ்ஆர்'. நிரலைத் தயாரித்தவர்கள் தந்த இயல்புநிலை அமைவுகள் இங்கே இருக்கும். இது பாடநூல் மாதிரி. இதில் நாம் கிறுக்கக் கூடாது. அடுத்த மேம்படுத்தலில் தொகுப்பு தன் கோப்பைப் புதிதாக எழுதும்போது நாம் செய்த மாற்றம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

இரண்டாம் அடுக்கு '/எட்சி'. ஈ, டி, சி என்ற மூன்றே எழுத்து. இந்தக் கணினி முழுமைக்கும் பொருந்தும் அமைவுகள் இங்கே. இது பள்ளி விதி. பிம்பம் தயாரிக்கும் நமக்கு இதுதான் முக்கியமான இடம்.

மூன்றாம் அடுக்கு '/ஹோம்' என்பதன் கீழ் உள்ள பயனரின் வீட்டுக் கோப்புறை. அதற்குள் புள்ளியில் தொடங்கும் '.கான்ஃபிக்' போன்ற மறைவான கோப்புறைகளில் அவரவர் சொந்த அமைவு இருக்கும். இது மாணவரின் குறிப்பேடு.

பொதுவாக, பயனருக்கு மிக அருகில் இருப்பதே வெல்லும். மேசைத்தள நிரல்கள் பெரும்பாலும் முதலில் வீட்டின் '.கான்ஃபிக்' கோப்புறையைப் பார்க்கும். அங்கே இல்லையென்றால் '/எட்சி/எக்ஸ்டிஜி' பக்கம் போகும். பின்னணிச் சேவைகளைக் கவனிக்கும் 'சிஸ்டம்டி' மூன்று இடங்களைப் பார்க்கிறது: '/எட்சி', '/ரன்', '/யூஎஸ்ஆர்/லிப்'. ஒரே பெயரில் மூன்றிலும் கோப்பு இருந்தால் '/எட்சி'யில் உள்ளதுதான் செல்லும்.

இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. '/எட்சி'யில் பல நிரல்களுக்கு '.டி' என்று முடியும் கோப்புறை இருக்கும். பெரிய அமைவுக் கோப்பைத் திருத்துவதைவிட, அந்தக் கோப்புறைக்குள் நம் சிறிய கோப்பு ஒன்றைத் தனியாகப் போடுவது நல்லது. மூலக்கோப்பு அப்படியே இருக்கும், மேம்படுத்தும்போது சண்டை வராது. ஆறு மாதம் கழித்து "நான் எதை மாத்தினேன்?" என்று தேடவும் வேண்டாம்.

3. 'கான்ஃபிக்' கோப்புறைக்குள் எது எங்கே?

இப்போது லைவ் பில்ட் பக்கம் வருவோம். 'கான்ஃபிக்' கோப்புறைக்குள் பல உட்கோப்புறைகள் இருக்கும். குழம்ப வேண்டாம், நான்கு போதும்.

அ) பேக்கேஜ் லிஸ்ட்ஸ். எந்தெந்த நிரல் தொகுப்புகள் வேண்டும் என்ற பட்டியல். கோப்பின் பெயர் '.லிஸ்ட்.சிஎச்ரூட்' என்று முடிய வேண்டும். நம் தேவைக்கு ஐபஸ், ஐபஸ்-எம்17என், லோகித் தமிழ் எழுத்துரு, லிப்ரே ஆபிஸ், டிகான்ஃப்-சிஎல்ஐ ஆகியவற்றை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதலாம்.

ஆ) இன்க்ளூட்ஸ்.சிஎச்ரூட். இயங்கும் அமைப்பின் உள்ளே போக வேண்டிய கோப்புகளுக்கான இடம். விதி ரொம்ப எளிது: இந்தக் கோப்புறையையே '/' என்ற வேராக நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பு கடைசியில் எந்தப் பாதையில் இருக்க வேண்டுமோ, அதே பாதையை இதற்குள் உருவாக்குங்கள். '/எட்சி/ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பை மாற்ற வேண்டுமா? 'இன்க்ளூட்ஸ்.சிஎச்ரூட்' உள்ளே 'எட்சி' என்ற கோப்புறை, அதற்குள் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பு. முடிந்தது.

இ) இன்க்ளூட்ஸ்.பைனரி. இது அமைப்பின் உள்ளே போவதல்ல, பெண்டிரைவின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டியது. பெண்டிரைவைத் திறந்தவுடன் கண்ணில் படும் 'படிக்கவும்' குறிப்பு, ஆசிரியர் கையேடு போன்றவற்றுக்கு ஏற்ற இடம். அமைவுக் கோப்பை இங்கே போட்டால் எந்த நிரலும் அதைப் படிக்காது. 'சிஎச்ரூட்' வீட்டின் உள்ளே, 'பைனரி' வீட்டு வாசலில் என்று நினைவில் வையுங்கள்.

ஈ) ஹூக்ஸ். கோப்பை வைப்பது மட்டும் போதாமல் ஒரு கட்டளையையும் இயக்க வேண்டியிருந்தால், அதற்கான சிறு நிரல் இங்கே. 'ஹூக்ஸ்/நார்மல்' கோப்புறையில் '.ஹூக்.சிஎச்ரூட்' என்று முடியும் பெயரில் வைக்க வேண்டும்.

4. வரிசை முக்கியம்

லைவ் பில்ட் முதலில் அடிப்படை அமைப்பைக் கொண்டுவரும். பிறகு தொகுப்புகளை நிறுவும். அதன் பிறகு நம் 'இன்க்ளூட்ஸ்' கோப்புகளை மேலே நகலெடுக்கும். கடைசியாக ஹூக்குகளை இயக்கும்.

ஏன் இந்த வரிசை? நம் கோப்பு முதலிலேயே போய் உட்கார்ந்திருந்தால், தொகுப்பை நிறுவும்போது "இங்கே ஏற்கெனவே ஒரு அமைவுக் கோப்பு இருக்கிறது, எதை வைத்துக்கொள்ள?" என்று டிபிகேஜி கேட்கும். தானாக நடக்க வேண்டிய கட்டுமானத்தில் பதில் சொல்ல யார் இருப்பார்கள்? அதனால்தான் பின்னால் நகலெடுப்பது இயல்புநிலை.

சில கோப்புகள் மட்டும் முன்னாலேயே இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: பிம்பத்தின் அளவைக் குறைக்க, '/யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்' ஆவணங்களை நிறுவாதே என்று டிபிகேஜிக்குச் சொல்லலாம். அதற்கான அமைவுக் கோப்பு '/எட்சி/டிபிகேஜி/டிபிகேஜி.சிஎஃப்ஜி.டி' கோப்புறையில் இருக்க வேண்டும். தொகுப்புகள் நிறுவி முடிந்தபின் இதைப் போட்டு என்ன பயன்? புதிய பதிப்புகளில் இதற்காகவே 'இன்க்ளூட்ஸ்.சிஎச்ரூட்_பிஃபோர்_பேக்கேஜஸ்' என்ற தனிக் கோப்புறை இருக்கிறது. அதன் இணை 'ஆஃப்டர்_பேக்கேஜஸ்'. பழைய 'இன்க்ளூட்ஸ்.சிஎச்ரூட்' செய்யும் வேலைதான் அது.

5. நான் செய்த தவறு: வீட்டுக் கோப்புறை

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புவோம். என் சொந்தக் கணினியில் மேசைத்தளத்தை அழகாக அமைத்தேன். அதன் '.கான்ஃபிக்' கோப்புறையை அப்படியே எடுத்து, 'இன்க்ளூட்ஸ்.சிஎச்ரூட்/ஹோம்/யூசர்' உள்ளே போட்டேன். லைவ் அமைப்பில் இயல்பான பயனர் பெயர் 'யூசர்' தானே, பாதை சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பாதை சரிதான். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்கவில்லை.

முதலாவது, பிம்பம் கட்டும் நேரத்தில் 'யூசர்' என்று ஒருவர் கிடையாது. பெண்டிரைவில் இருந்து கணினி கிளம்பும்போதுதான் 'லைவ் கான்ஃபிக்' அந்தக் கணக்கை உருவாக்குகிறது. ஆள் வருவதற்கு முன்னாலேயே அவர் அறையில் பொருளை அடுக்கி வைத்த கதை.

இரண்டாவது, கட்டும்போது வைத்த கோப்புகள் நிர்வாகியான 'ரூட்' பெயரில் இருந்தன. பிறகு வந்த 'யூசர்' தன் வீட்டுக்குள்ளேயே '.கான்ஃபிக்' கோப்புறையில் எழுத முடியாத நிலை. லிப்ரே ஆபிஸ் முதல்முறை திறக்கும்போது தன் சொந்த அமைவுகளை அங்கேதான் எழுத வேண்டும். எழுத முடியவில்லை, அதனால் திறக்கவில்லை. மாணவி பார்த்த பிழைச்செய்தியின் பொருள் இதுதான்.

சரியான இடம் எது? '/எட்சி/ஸ்கெல்'. எலும்புக்கூடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் இது. புதிய பயனர் கணக்கு உருவாகும்போது இந்தக் கோப்புறையில் உள்ளவை எல்லாம் அவர் வீட்டுக்கு நகலாகும், அவர் பெயருக்கே உரிமையும் மாறும். ஆகவே, 'இன்க்ளூட்ஸ்.சிஎச்ரூட்/எட்சி/ஸ்கெல்/.கான்ஃபிக்' என்று வைத்திருந்தால் அன்று கட்டுரை தட்டச்சாகியிருக்கும்.

ஒன்றை மறக்காதீங்க: கணக்கு உருவாகும் அந்த ஒரு தடவைதான் ஸ்கெல் நகலாகும். ஏற்கெனவே உள்ள பயனருக்குப் பிறகு போட்டது போய்ச் சேராது.

6. தமிழ்99 விசைப்பலகை: ஒரு முழு எடுத்துக்காட்டு

"எல்லாவற்றையும் ஸ்கெல்லில் போட்டுவிடலாமே?" என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் எல்லாருக்கும் பொதுவான அமைவுக்கு '/எட்சி'தான் சிறந்தது. நோம் மேசைத்தளத்தில் தமிழ்99 விசைப்பலகையை இயல்பாக வைப்பதைப் பார்ப்போம்.

நோம் தன் அமைவுகளை 'டிகான்ஃப்' என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. பயனரின் தரவுத்தளம் உரைக்கோப்பு அல்ல, கையால் திருத்த முடியாது. ஆனால் நிர்வாகிக்கு வழி உண்டு.

படி 1: '/எட்சி/டிகான்ஃப்/ப்ரொஃபைல்/யூசர்' என்ற கோப்பு. இதில் இரண்டே வரி. முதல் வரியில் பயனரின் சொந்தத் தரவுத்தளம், இரண்டாம் வரியில் 'லோக்கல்' என்ற பொதுத் தரவுத்தளம். முதலில் பயனர் சொன்னது, அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பொதுவானது என்பது இதன் பொருள்.

படி 2: '/எட்சி/டிகான்ஃப்/டிபி/லோக்கல்.டி' கோப்புறையில் '00-விசைப்பலகை' போன்ற ஒரு கோப்பு (பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள்). உள்ளீட்டு முறைகளாக ஆங்கிலப் பலகையையும் எம்17என் தரும் தமிழ்99 பலகையையும் இதில் குறிப்பிட வேண்டும்.

படி 3: ஒரு ஹூக். அதில் 'டிகான்ஃப் அப்டேட்' என்ற ஒரே கட்டளை. நாம் எழுதிய உரைக்கோப்பை டிகான்ஃப் நேரடியாகப் படிக்காது. அதைத் தரவுத்தளமாக மாற்றித் தருவது இந்தக் கட்டளைதான். கோப்பை மட்டும் வைத்துவிட்டு ஹூக்கை மறந்தால் விசைப்பலகை வராது.

மாணவர்கள் இந்த அமைவை மாற்றவே கூடாது என்றால் 'லோக்கல்.டி' உள்ளே 'லாக்ஸ்' என்ற கோப்புறையில் பூட்டுப் போடலாம். என் கருத்து, பூட்டாதீங்க. வீட்டில் வேறு பலகையில் பழகிய பிள்ளைகள் அதை மாற்றிக்கொள்ளட்டும்.

7. அனுமதியும் பெயரும்: கண்ணில் படாத பொறிகள்

கோப்பு சரியான இடத்தில் இருந்தாலும் வேலை செய்யாமல் போக இரண்டு காரணம் உண்டு.

ஒன்று அனுமதி. வைஃபை இணைப்புக் கோப்பு '/எட்சி/நெட்வொர்க்மேனேஜர்/சிஸ்டம்-கனெக்ஷன்ஸ்' கோப்புறையில் இருக்கும். அது ரூட் உரிமையில், 600 என்ற அனுமதியில் இருக்க வேண்டும். மற்றவர்கள் படிக்கும்படி இருந்தால் நெட்வொர்க் மேனேஜர் அதைப் புறக்கணித்துவிடும். உங்கள் 'கான்ஃபிக்' கோப்புறையைக் கிட்டில் சேமிக்கிறீர்களா? கிட் இயக்கும் அனுமதியை மட்டும்தான் நினைவில் வைக்கும், 600 என்பதை வைக்காது. ஆகவே அனுமதியை ஒரு ஹூக்கில் 'சிஎச்மாட்' கட்டளையால் அமைத்துவிடுங்கள்.

இரண்டு பெயர். '/எட்சி/சூடோயர்ஸ்.டி' கோப்புறையில் உள்ள கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதைப் படிக்காது. '.கான்ஃப்' என்று அழகாக முடித்துவிட்டு நாள் முழுக்கத் தேடுவோம். ஒவ்வொரு '.டி' கோப்புறைக்கும் அதன் பெயர் விதி உண்டு, முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

8. பிம்பத்தில் வைக்கவே கூடாதவை

பெண்டிரைவை மாணவர் கையில் கொடுக்கிறோம். உள்ளே இருக்கும் அமைப்பு சுருக்கப்பட்ட ஒரே கோப்பு. அது பூட்டப்பட்ட பெட்டி அல்ல. 'அன்ஸ்குவாஷ்எஃப்எஸ்' என்ற கட்டளை தெரிந்த யாரும் பிரித்துப் படிக்கலாம். 600 அனுமதியும் அப்போது காப்பாற்றாது. எனவே,

• ஆசிரியர் அறை வைஃபை கடவுச்சொல் வேண்டாம். மாணவர்களுக்கென்று தனி இணைப்பு இருந்தால் அது மட்டும்.

• உங்கள் மின்னஞ்சல் கணக்கு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் வேண்டாம். சொந்த '.கான்ஃபிக்' கோப்புறையை முழுசாக நகலெடுத்தால் இவையும் சேர்ந்தே வந்துவிடும். வேண்டிய கோப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

• எஸ்எஸ்எச் சேவையின் அடையாளச் சாவிகள் வேண்டாம். இருபது கணினிக்கும் ஒரே சாவி என்றால், ஒன்று வெளியே போனால் எல்லாமே போனது மாதிரி.

• '/எட்சி/மெஷின்-ஐடி' உள்ளடக்கம் வேண்டாம். ஒவ்வொரு கணினிக்கும் அது தனியாக இருக்க வேண்டும். காலியாக விட்டால் கிளம்பும்போது தானே உருவாகும்.

9. மாணவர் எழுதியது எங்கே போகும்?

லைவ் அமைப்பில் செய்யும் மாற்றங்கள் நினைவகத்தில்தான் இருக்கும். கணினியை அணைத்தால் எழுதிய கட்டுரையும் போய்விடும்! அதைத் தவிர்க்க, பெண்டிரைவில் இன்னொரு பகுதியை உருவாக்கி 'பெர்சிஸ்டென்ஸ்' என்று அடையாளப் பெயர் இட வேண்டும். அந்தப் பகுதியின் மேல்மட்டத்தில் 'பெர்சிஸ்டென்ஸ்.கான்ஃப்' கோப்பை வைத்து, அதில் '/ஹோம்' என்று எழுத வேண்டும். கிளம்பும்போது 'பெர்சிஸ்டென்ஸ்' என்ற அளபுருவும் தர வேண்டும். இந்தக் கோப்பு 'இன்க்ளூட்ஸ்' எதிலும் வராது என்பதைக் கவனியுங்கள். அதன் இடம் அந்தத் தனிப் பகுதி.

10. சோதிக்கும் முறை

நான் என் கணக்கில், என் கணினியில் பார்த்துவிட்டு "சரியாக இருக்கு" என்று முடிவு செய்தேன். கட்டிய பிம்பத்தைச் சோதிக்கவே இல்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் ஒரு மெய்நிகர் கணினியில் பிம்பத்தைக் கிளப்புங்கள். சாதாரணப் பயனராகவே இருங்கள். வீட்டுக் கோப்புறையில் 'எல்எஸ் -எல்ஏ' கட்டளை கொடுத்து, ஏதாவது 'ரூட்' பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர் செய்யப்போகும் வேலையை நீங்களே ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை செய்யுங்கள்: ரைட்டரைத் திறந்து, ஒரு பத்தி தமிழில் தட்டி, சேமித்து, அணைத்து, மறுபடி திறந்து பாருங்கள். பிறகு ஒரே ஒரு பெண்டிரைவ். அது சரியென்றால்தான் மற்ற பத்தொன்பது.

வேறு கருவி பயன்படுத்துபவர்களுக்கும் அடிப்படை இதேதான். சிறு கருவிகளுக்கான பில்ட்ரூட்டில் 'ரூட்எஃப்எஸ் ஓவர்லே' என்ற கோப்புறை உண்டு. அதுவும் வேரின் நகல் போலவே அமையும். தொகுப்புகளுக்குப் பின் அது நகலாகும், அதன் பின் சிறு நிரல்கள் ஓடும். பெயர்தான் வேறு.

மாணவர்களுக்கான பயிற்சி வினாக்கள்

1. பிம்பத்தில் '/ஹோம்/யூசர்' கோப்புறையில் நேரடியாக அமைவுக் கோப்பை வைப்பதால் ஏற்படும் சிக்கல் யாது? மாற்று வழியைக் கூறுக.
விடைக்குறிப்பு: கட்டும்போது பயனர் இல்லை, கோப்பின் உரிமை ரூட்டிடம், '/எட்சி/ஸ்கெல்' பயன்படுத்துக.

2. 'இன்க்ளூட்ஸ்.சிஎச்ரூட்', 'இன்க்ளூட்ஸ்.பைனரி' இரண்டையும் வேறுபடுத்துக.
விடைக்குறிப்பு: முன்னது இயங்கும் அமைப்பின் உள்ளே, பின்னது சேமிப்பு ஊடகத்தின் மேல்மட்டத்தில்.

3. அமைவுக் கோப்பை வைத்த பிறகும் ஹூக் தேவைப்படும் இரண்டு சூழல்களைக் குறிப்பிடுக.
விடைக்குறிப்பு: டிகான்ஃப் தரவுத்தளத்தைப் புதுப்பித்தல், அனுமதியை 600 ஆக மாற்றுதல்.

4. ஒரே பெயருள்ள சிஸ்டம்டி கோப்பு '/யூஎஸ்ஆர்/லிப்', '/எட்சி' இரண்டிலும் இருந்தால் எது செல்லும்? ஏன் அப்படி அமைத்திருப்பார்கள்?
விடைக்குறிப்பு: '/எட்சி'. தொகுப்பு மேம்பட்டாலும் நிர்வாகியின் முடிவு மாறாமல் இருக்க.

கோப்பை வைக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதை யார் படிக்கப் போகிறார்? எப்போது படிக்கப் போகிறார்? அந்த நேரத்தில் இது யார் பெயரில் இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் இடம் தானாகவே தெரிந்துவிடும். அன்று காகிதத்தில் எழுதிய அதே மாணவர்கள் அடுத்த வாரம் தமிழ்99இல் தட்டினார்கள். உங்கள் வகுப்புக்கு அந்த ஒரு வாரம் வீணாகாமல் இருக்கட்டும்.